அப்பாவுக்கு மிஞ்சிய சொல்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நமக்கு இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அந்த நிம்மதிக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது: ‘இல்ல.’ பக்கவாதம் வந்த சிலருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடுமாம். எது தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். “பசிக்குதாப்பா?” என்று கேட்டால் “இல்ல” என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறக்கிறார். “வலிக்குதா?” என்றால் “இல்ல” என்கிறார், கண்ணில் தண்ணீர் வழிகிறது. ஆயுசு முழுக்க ஆமென் சொன்ன மனுஷனுக்கு மிஞ்சியது இதுவா! முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொரு சங்கதி. தலைமாட்டில் இருக்கும் கறுப்பு அட்டைப் புத்தகத்தை இடது கையால் தட்டித் தட்டி “இல்ல, இல்ல” என்று பிடிவாதம் பிடித்தார். வாசிக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு பொழுது ஆயிற்று. அம்மாவை அடக்கம் பண்ணிய பிறகு கோயில் வாசலை மிதிக்காதவள் நான். என் தலைவிதி, இப்போது தினமும் வேலை விட்டு வந்து, முகம் கழுவி, சுவிசேஷம் வாசிக்கிறேன். நாலு சுவிசேஷத்தில் மாற்கு எழுதினதுதான் ஒல்லி என்று அதில் ஆரம்பித்தேன்.

என்ன அவசரம் தம்பி, மாற்கின் கதையில் வரும் இந்த மனுஷனுக்கு! எதற்கெடுத்தாலும் ‘உடனே’. உடனே போனார், உடனே சொன்னார், உடனே விலகிப்போயிற்று. மூச்சு வாங்குகிறது எனக்கு. சீடன் பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல். இவர் போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். சரி. காய்ச்சல் போன கையோடு அந்த அம்மா எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்யப் போய்விட்டாளாம்! அத்தனை ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த வீட்டில் வேறு யாருக்கும் கை இல்லையா? போதகர் தம்பியே, இதற்கு ஒரு பதில் சொல்லும்.

நான் காலையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும்போது பகல் தாதியம்மா வருகிறார். நல்லவர். ஆனால் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு ஆள் வேண்டும். நீ எப்போது வருகிறாய்?

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 24

கர்த்தருக்குள் பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பியின் ஸ்தோத்திரங்கள். உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் நிலை அறிந்து மிகவும் பாரப்பட்டேன். ஆனாலும் அவர் வாயிலாகவே நீ மறுபடி வேதத்தைத் திறந்திருக்கிறாய் என்பதில் ஒரு தேவசித்தம் இருப்பதாகவே எண்ணுகிறேன்.

நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அந்த அம்மாள் எழுந்து பணிவிடை செய்தது, அவளுக்கு அரைகுறையாக அல்ல, பூரண சுகம் கிடைத்தது என்பதன் அடையாளம். மேலும், சுகம் பெற்றவர்கள் மற்றவர்களுக்கு ஊழியம் செய்யவேண்டும் என்ற பாடமும் அதில் இருக்கிறது.

இங்கே சபையில் கூரை வேலை நடக்கிறது. மூப்பர்கள் எல்லாவற்றுக்கும் என்னையே எதிர்பார்க்கிறார்கள். அது முடிந்ததும் வரப் பார்க்கிறேன். அதுவரை அனுதினமும் அப்பாவை ஜெபத்தில் தாங்குகிறேன். நீயும் மனம் தளராதே.

அப்பாவுக்கு என் முத்தங்களைச் சொல்.

உன் பிரியமுள்ள தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

பூரண சுகத்தின் அடையாளமாம்! இன்றைக்கு எனக்கும் காய்ச்சல்தான். சமைத்தது, துவைத்தது, அப்பாவுக்கு ஊட்டியது எல்லாம் நான்தான். இது எதன் அடையாளம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொல். நான் உன்னிடம் விளக்கவுரை கேட்கவில்லை. என் தம்பியிடம் கேட்டேன். பதில் எழுதியது போதகர்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

கை கால் விழுந்துபோன திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாமல், வீட்டுக் கூரையைப் பிரித்து உள்ளே இறக்குகிறார்களே, அந்த இடத்தை எப்போதோ தாண்டிவிட்டோம். ஆனால் அப்பா இடது கையால் தாளைத் திருப்பித் திருப்பி அதே பக்கத்துக்கு வந்தார். “இது வாசிச்சாச்சேப்பா” என்றேன். “இல்ல.” மறுபடி வாசித்தேன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். எனக்குத்தான் சலித்தது, அவருக்குச் சலிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போடுகிற மாதிரி கேட்பார்.

போன வாரம், எழுந்து உன் படுக்கையை எடுத்துக்கொண்டு போ என்கிற இடம் வந்ததும், அப்பா போர்வையை விலக்கினார். நான் வியர்க்கிறது போல என்று நினைத்து, தாளைப் பார்த்து மேலே வாசித்துக்கொண்டே இருக்கிறேன். நிமிர்ந்தபோது அவர் இடது காலைத் தரையில் ஊன்றியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டின காலத்தில், பெரிய பாரத்தைத் தூக்கப் போகும்போது அவருக்கு அப்படி இருக்கும் என்று அம்மா சொல்வாளே, அது.

நான் “அப்பா!” என்று எழுந்திருப்பதற்குள் விழுந்துவிட்டார்.

என்னால் தூக்க முடியவில்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன், நழுவினார். கடைசியில் நானும் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டதில் கீழ்வீட்டு வெல்டர் வேலை உடுப்போடு ஓடி வந்தார். அவர் வரும்வரை அப்பா என் முகத்தையே பார்த்தார். வலியில்லை அந்தப் பார்வையில். வாசித்தது நீதானே என்று கேட்கிற மாதிரி இருந்தது.

எலும்பு முறியவில்லை. இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. நம்பாதவள் வாசித்தேன், நம்பினவர் விழுந்தார். இது என்ன நியாயம்?

அதற்கப்புறம் ஒரு வேலை செய்தேன். சுகமாக்குகிற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு வாசித்தேன். குருடன் வந்தால் தாவு, செவிடன் வந்தால் தாவு. அப்படித் தாவினால் என்ன மிஞ்சுகிறது தெரியுமா? ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிற ஒரு ஆள், அவர் சொல்வது எதுவும் மண்டையில் ஏறாத பன்னிரண்டு கூட்டாளிகள். ஆனால் அப்பாவிடம் பலிக்குமா? அவருக்கு எல்லாம் மனப்பாடம். “இல்ல! இல்ல! இல்ல!” என்று கட்டிலை அறைந்தார். அந்த ‘இல்ல’வுக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை.

அந்த நாலு பேர் எனக்கு ஞாபகமாகவே இருக்கிறார்கள். அவர்கள் ஜெபம் பண்ணியதாக அதில் இல்லை. தூக்கினார்கள், பிரித்தார்கள், இறக்கினார்கள். நீ உன் சபைக் கூரையை வேய்ந்துகொண்டிரு.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றும் பிரசங்கமாக இருந்தன.

கூரை வேலை முடிந்துவிட்டது. நான் உனக்கு எழுதியபோதே முக்கால்வாசி முடிந்திருந்தது. நான் வராததற்குக் காரணம் அதுவல்ல.

இங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரர் இருக்கிறார். அவர் மனைவி சென்ற வருஷம் வயிற்றில் கட்டி வந்து படுத்தாள். நான் தினமும் போய்க் கட்டிலருகே முழங்கால் போட்டேன். வாயால் மட்டும் பண்ணின ஜெபம் இல்லை அக்கா அது. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவ்வளவு முழுசாக நான் எதையும் கேட்டதில்லை. அவள் இறந்துபோனாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆட்கள் சாவது எனக்குப் புதிதல்ல, அடக்க ஆராதனை என் தொழில். ஆனால் அவள் போன அன்று, நான் இத்தனை நாளும் பூட்டிக் காலி செய்துவிட்ட வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை.

அந்த ரொட்டிக்கடைக்காரர் இன்றைக்கும் ஆராதனையில் பிட்டுக் கொடுக்கும் திருவிருந்துக்கு ரொட்டி கொண்டுவருகிறார். சூடு ஆறாமல் துணியில் சுற்றி என் கையில் தருகிறார். ஒரு வினாடி என் முகத்தைப் பார்க்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறிப் பேசுகிறேன். சொற்கள் வந்துவிடுகின்றன, பழக்கம். பிறகு உடுப்பு மாற்றும் அறையில் உட்கார்ந்து அதே மாற்குவைத் திறக்கிறேன். தன் சொந்த ஊரில் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாமல் போனது என்று ஒரு இடம் இருக்கிறதே, அதைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை.

அப்பாவிடம் ஏன் வரவில்லை என்று இப்போது உனக்குப் புரியும். நான் வந்ததும் அவர் என் கையைப் பிடித்து எடுத்துத் தன் தலைமேல் வைப்பார். போதகராகிவிட்ட மகன். அவர் எனக்காகவே காத்திருப்பார். நான் ஜெபிப்பேன். அவர் மறுபடி காலை ஊன்றுவார். நீ வாசித்ததற்கே எழுந்தவர், நான் சொன்னால் எழாமல் இருப்பாரா?

இதை அவரிடம் சொல்லிவிடாதே. யாரிடமும் சொல்லாதே.

தம்பி

*

ஏப்ரல் 8

என் தம்பிக்கு,

உண்மையைச் சொல்கிறேன். வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. “பார்த்தாயா, கடைசியில் என் பக்கம் வந்துவிட்டாய்” என்று சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யாரோ காலடியில் போட்டிருந்த பலகையை உருவின மாதிரி இருந்தது. நம் வீட்டுக்கும் சேர்த்து நீ நம்பிக்கொண்டிருந்தாய், அந்தத் தைரியத்தில் நான் ஹாயாக நம்பாமல் இருந்தேன். இப்போது நீயும் கையை விரித்தால் நான் எதை வைத்து மறுப்பது? பைத்தியக்காரி என்று சிரி, பரவாயில்லை.

இரண்டு நாள் வாசிக்கவில்லை. அப்பா விடவில்லை. இப்போது ஒரு வரியும் தாவாமல் வாசிக்கிறேன்.

வலிப்பு வரும் பையனைத் தூக்கிக்கொண்டு வரும் தகப்பன் ஒருவன் இருக்கிறானே. நம்புகிறேன் என்கிறான், அதே மூச்சில் நம்ப முடியவில்லை, அதற்கும் நீரே உதவும் என்கிறான். நான் சின்ன வயதில் இதைக் கேட்டதாகவே நினைவில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை தம்பி. முதலில் உன் மனசைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவுமில்லை. பையனுக்குச் சுகமாகிறது. அந்த இடத்தில் அப்பா “இல்ல” என்றார், மெதுவாக. அது எந்த இல்ல என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேற்று வாசித்தது, சிலுவைக்கு முந்தின ராத்திரி அவர் தோட்டத்தில் தனியாகக் கேட்கிற இடம். இந்தத் துன்பப் பாத்திரம் என்னை விட்டுப் போகட்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். பதில் வந்ததாக மாற்கு எழுதவேயில்லை. கூட வந்தவர்கள் தூங்கி வழிகிறார்கள். நீ தட்டினாயே காலி வீடு, அது இதுதானோ? எனக்குத் தெரியாது. நான் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறவள். ஆனால் இப்படி ஒன்றை மறைக்காமல் எழுதி வைத்தவன் பொய்யனாக இருக்க மாட்டான் என்று தோன்றியது. தோன்றியதும் எரிச்சலாகவும் இருந்தது. நிம்மதியாக இருந்தேன், கெடுத்துவிட்டார்கள்.

அப்பாவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் நீ வா. படுக்கைப் புண் ஆரம்பிக்கிறது. போர்வையின் அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆள் வேண்டும். விசுவாசம் உள்ள ஆள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, இரண்டு கை உள்ள ஆள் போதும்.

உன் அக்கா

*

மே 6

அக்கா,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் நீ கட்டிக்கொடுத்ததை எதிரே இருந்த குடும்பத்தோடு பங்கிட்டுச் சாப்பிட்டேன். நான் போர்வையைத் தப்பாகப் பிடித்ததற்கு நீ திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. வெல்டரிடம் சொல், அவர் கட்டிலில் பொருத்திக் கொடுத்த பிடி கம்பிக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

ஒன்றை உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை.

நீ வேலைக்குப் போயிருந்தாய். தாதியம்மா மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் அப்பாவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பயந்த வேளை வந்துவிட்டது என்று நினைத்தேன். “அப்பா, எனக்கு இப்போ முடியாதுப்பா” என்று சொல்லியே விட்டேன். “நான் கேட்டா கேக்குறதுக்கு அங்க யாரும் இருக்காங்களான்னே தெரியலப்பா.” ஆம், நானே சொன்னேன். உன்னிடம், சொல்லாதே என்று கெஞ்சினவன்.

அவர் என் கையைத் தலைமேல் வைக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு என் பின்கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். இடது கைக்கு என்ன பலம்! என் நெற்றி அவர் நெஞ்சில் இடித்தது. பிறகு அந்தக் கையை என் தலையில் வைத்தார். “இல்ல” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “இல்ல, இல்ல” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் பண்ணுவாரே, அந்த ஜெபம் ஞாபகம் இருக்கிறதா? தாழ்வாக ஆரம்பித்து, நடுவில் ஏறி, அம்மா பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தி, உன் பெயர், பிறகு என் பெயர். அதுதான் அக்கா. அதே ஏற்றம், அதே நிறுத்தம். எல்லாச் சொல்லுக்கும் பதிலாக ‘இல்ல’. உன் பெயர் வரும் இடத்தில் குரல் எப்போதும்போலக் கொஞ்சம் கரகரத்தது. என் பெயருக்கு வந்தபோது கையை அழுத்தினார். முடித்துவிட்டுத் தலையில் ஒரு தட்டு, சாப்பிடு என்கிற மாதிரி.

தாதியம்மா கதவைத் தட்டியபோதுதான் நான் எழுந்தேன்.

இதனால் எனக்கு விசுவாசம் திரும்பி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆனால் போன ஞாயிறு மேடையில் பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு, “என்னால இப்போ ஜெபம் பண்ண முடியல. நீங்க எனக்காகப் பண்ணுங்க” என்று சொன்னேன். ஒரு குடும்பம் எழுந்து போய்விட்டது. மூப்பர்கள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரர் வெளியே நின்றிருந்தார். “இத்தனை நாளா நான் மட்டும்தான்னு நினைச்சேன்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நல்லதுக்கா கெட்டதுக்கா, தெரியவில்லை. தூக்கம் மட்டும் சரியாக இல்லை.

தம்பி

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

வீடு காலியாகிவிட்டது. கட்டிலைக் கழற்றி வெல்டர் எடுத்துப்போய்விட்டார், யாருக்காவது ஆகும் என்று நான்தான் கொடுத்தேன். நீ வந்தாய், அடக்கம் முடிந்தது, மூப்பர்கள் கூப்பிட்டார்கள் என்று அன்றைக்கே ரயிலேறிவிட்டாய். வீடு நிறைய ஜனம். உன்னோடு தனியாக இரண்டு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ வந்து சேருவதற்கு முன்னால் இங்குள்ள போதகர் வந்தார். நல்ல மனுஷன்தான், இளவயசு. “பெரியவர் கடைசியா என்ன சொன்னார்மா? ஆராதனையில சொல்லணும். கேக்குறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்” என்றார்.

“இல்லன்னு சொன்னார்” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். “அத விட்டுடலாம்மா” என்றார்.

நடந்தது இதுதான். நான் வேலைக்குக் கிளம்பும் முன் ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வித்தியாசமாக இருந்தது. “இல்ல” என்றார். நிறுத்தினார். மறுபடி “இல்ல.” உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் முனகல் என்று நினைத்திருப்பேன். நீ எழுதியிருந்ததால் காதைக் கிட்டே கொண்டுபோனேன். எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, அம்மாவா, நானா, நீயா என்று எண்ணிப் பார்க்கப் பார்த்தேன். தெரியவில்லை தம்பி. ஜெபத்தின் நிறுத்தமா, மூச்சுத் திணறின நிறுத்தமா, சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. நான் கண்டுபிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஆராதனையில் குடும்பத்தார் யாராவது பேசலாம் என்றதும் எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன். “எங்கப்பா கடைசி வரைக்கும் ஜெபம் பண்ணிட்டு இருந்தார். அவர்கிட்ட ஒரு வார்த்தைதான் இருந்தது, அதுலயே பண்ணினார். எங்க எல்லார் பேரையும் அதுலயே சொன்னார்” என்றேன். முன்வரிசையில் ஒரு அம்மா அழுதாள். போதகர் “ஆமென்” என்றார். நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் நேரில் காணாத ஒன்றை, நீ எழுதின ஒரு கடிதத்தை மட்டும் நம்பி, ஒரு சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னேன்.

அப்போது நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

அந்தப் பார்வைதான் என்னைப் படுத்துகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டு நின்று பொங்கவிடுகிறேன். பரிசோதனைக் கூடத்தில் ஒரே தண்ணீர்ப் புட்டியை இரண்டு தரம் சோதிக்கிறேன். தான் கண்டதை வேறொருத்தியும் கண்டுவிட்டாள் என்று திகைத்த பார்வையா அது? அல்லது, அக்காவைத் தேற்றுவதற்காக எழுதின கதை ஊரறிய வந்துவிட்டதே என்ற பார்வையா? இரண்டுக்கும் முகம் ஒரே மாதிரிதான் போகும் போலிருக்கிறது.

தம்பி, அன்றைக்கு அப்பா உன் தலையில் கை வைத்தது நடந்ததுதானே? எனக்காக எழுதினதில்லையே?

என்னிடம் மழுப்பாதே. நடந்தது என்றால் நடந்தது என்று எழுது. நடக்கவில்லை என்றாலும் எழுது, நான் கோபிக்க மாட்டேன், சபையில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்காதே. எனக்குத் தெரியவேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா